சின்னது பேசுதா?

"நல்லாருக்கா?" என்று கேட்டுக் கேட்டே ஒரு மனிதர் சில வருஷம் என் பிராணனை வாங்கினார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கிருந்தாவது வந்து நின்று, "என் பேரு நல்லாருக்கா கண்டக்டரே?" என்பார். எதற்கு வம்பு.

யுத்தம் முடிந்து, பஸ்களில் மாட்டியிருந்த கரி அடுப்பைக் கழற்றிவிட்டு மறுபடி பெட்ரோல் ஊற்ற ஆரம்பித்திருந்த நேரம். நான் புதுக்கோட்டை - திருச்சி பஸ்ஸில் கண்டக்டர். கீரனூரில் குடியிருந்தேன். என் வீட்டுக்கு அடுத்த கட்டடம் அவருடைய கடை. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்குக் கொடுப்பார். கூடவே ஒரு சவுண்டு செட். அதில் பாதிக்கு மேல் அவரே கட்டியது. வயது முப்பதைத் தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. குடி கிடையாது, பொய் கிடையாது, வாங்கின சாமானைச் சொன்ன நேரத்துக்குத் திருப்பித் தருவார். இருந்தது ஒரே ஒரு வியாதிதான். தனக்கு ஒன்று பிடித்திருக்கிறதா என்று பிறத்தியாரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

காப்பிக் கிளப்பில் காப்பி வந்ததும் அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் தள்ளுவார்.

"நல்லாருக்கா பாருங்க."

"ஒங்க காப்பிண்ணே. ஒங்க நாக்குக்குத் தெரியாதா?"

"தெரியுது. ஆனா நாலு பேரு சொன்னாத்தானே சரியா இருக்கும்."

நாலு பேர் சொல்லி முடிக்கும்போது டம்ளரில் காப்பி இருக்காது.

சட்டைக் கை நீளம் என்று போஸ்ட்மேன் சொன்னால் மடித்துவிடுவார். மடித்தால் ரவுடி மாதிரி இருக்கிறது என்று வெற்றிலைக் கடைக்காரர் சொன்னால் இறக்கிவிடுவார். நான் காலையில் பஸ்ஸில் போகும்போது ஒரு கையை மடித்து ஒரு கையை இறக்கி நிற்பார். சாயங்காலம் திரும்பும்போது கைகள் மாறியிருக்கும். பஸ்ஸில் வருகிறவர்கள் அதை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். நானும் கட்டியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் அவருடைய அக்காதான் காரணம் என்று சொல்வார்கள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவர், திருவரங்குளத்தில் வாழ்க்கைப்பட்டவர். "என்னயக் கேக்காம ஒண்ணும் செய்யக் கூடாது" என்று சின்ன வயசில் ஒரு தரம் அதட்டினாராம். தம்பி அதை அக்காவோடு நிறுத்தாமல் சமஸ்தானம் முழுவதற்கும் விரித்துவிட்டார்.

சவுண்டு செட்டுக்கு அவர் ஒரு ஸ்பீக்கர் பெட்டி கட்டிய கதை கீரனூரில் ரொம்ப நாள் ஓடியது. ஸ்பீக்கர் என்றால் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு காகிதக் கூம்பு, பின்னால் காந்தம். அதை மரப்பெட்டிக்குள் பொருத்தினால் சத்தம் கனமாக வரும். பெட்டி எவ்வளவு பெரிசு இருக்க வேண்டும் என்று கடைக்கு வந்தவர்களையெல்லாம் கேட்டார். ஆளாளுக்கு ஒரு சாண் கூட்டினார்கள். ஆசாரியும் முகம் சுளிக்காமல் பலகை அடித்துக்கொண்டே போனார். பெட்டி முடிந்தது. கடை வாசல் வழியாக வெளியே வரவில்லை.

"இப்ப என்ன செய்யலாம்?" என்று அதற்கும் ஊரைக் கேட்டார். பெட்டியைப் பிரி என்றது ஒரு கட்சி. வாசலை இடி என்றது ஒரு கட்சி. யார் மனசும் நோகக் கூடாது என்று பெட்டியில் பாதியைப் பிரித்து, வாசலில் பாதியை இடித்தார்.

அந்தப் பெட்டிக்குப் பெருசு என்று பெயர் விழுந்தது. பெருசு பேசினால் நெஞ்சுக்குள் அதிரும். அதை வைத்து ஊர் ஊராகப் போய்வந்தார். ஒரு பஜனைக் கோஷ்டிக்குக் கட்டினபோதுதான் வில்லங்கம் வந்தது. பஜனை முடிந்ததும் ஜால்ரா தட்டுகிறவர் நேராக வந்து சண்டை பிடித்தார்.

"ஆர்மோனியம் கேக்குது, மிருதங்கம் கேக்குது. பாட்டுக்காரன் தொண்டையக் கனைச்சது கூடக் கேக்குது. நான் ரெண்டு கையும் நோகத் தட்டுனது மட்டும் எங்கிட்டுய்யா போச்சு?"

அவர் சொன்னது நிஜம். கனத்த சத்தம் எல்லாம் பெருசுக்கு அத்துப்படி. கீச்சுச் சத்தம் மட்டும் வராது. பெண்குரல் வைத்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும். எங்கள் ஆளுக்கு ஜால்ராக்காரர் மனசு நொந்துபோனது பொறுக்கவில்லை. திருச்சியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்த சமயம் அது. என் பஸ்ஸிலேயே போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கி வந்தார். அதன் வாயில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனலை வைத்து ஒட்டினார். பெருசுக்குப் போகிற கம்பியிலிருந்து ஒரு கிளை இழுத்து, நடுவில் ஒரு கண்டன்சர் வைத்தார். அது கனத்த சத்தத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கீச்சுச் சத்தத்தை மட்டும் உள்ளே விடும். இதற்குப் பெயர் சின்னது. சின்னதைக் கூட்டவும் குறைக்கவும் தனியாக ஒரு திருகு. அந்தத் திருகுதான் வினை.

திருகு குறைந்தால் ஜால்ரா இல்லை. கூடினால் ஜால்ராவைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தினால் சின்னதும் பெருசும் ஒரே வாயால் பாடும். அந்த இடத்தை அவர் ஒரு மத்தியானம் கண்டுபிடித்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கிராமபோன் தட்டில் ஒரு பெண் பாடினாள். கம்பளி விலகி, அந்த அம்மாள் கடைக்குள் வந்து பலகையில் உட்கார்ந்து பாடினாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த நிமிஷம் என் பக்கம் திரும்பினார்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குண்ணே. தயவுசெஞ்சு கையை எடுத்துருங்க."

எடுத்தாரா? தெருவில் போன பால்காரரைக் கூப்பிட்டார். பால்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இன்னுங் கொஞ்சம் கூட்டலாமோ?" என்றார். போயிற்று. அந்த அம்மாள் எழுந்து போய்விட்டாள்.

இப்போது மில்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீரனூரில் நெல் அரைக்கிற மில் வைத்திருந்தார். எங்கள் ஆளுக்குத் தாய்மாமன். வாலிப வயசிலிருந்து ஆயில் என்ஜின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர். எனக்கு அவரைக் கண்டால் ஆகாது. பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் நின்று யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். நான் கன்னம் உப்ப விசில் ஊதுவேன், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். டிரைவர் பாம் பாம் என்று ஹாரனை அமுக்கினால் மட்டும் நகர்வார். கண்டக்டர் என்றால் அத்தனை இளப்பம் என்று எனக்கு வயிறு எரியும். மில் பூசைக்கு வருகிற பூசாரிகள் பாடும் அப்படித்தான். "மணியடிக்கக்கூடவாய்யா ஒனக்குக் கை வலிக்குது?" என்று வைது அனுப்பிவிடுவார். வருஷா வருஷம் புதுப் பூசாரி.

அவருடைய மகள் பொன்னழகு. எங்கள் ஆளுக்கு முறைப்பெண். பொன்னழகுக்கு மச்சான்மேல் ஆசை என்று ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் கேட்கவில்லை, கூச்சம். கடைசியில் அக்காதான் திருவரங்குளத்திலிருந்து வந்து முறைப்படி பெண் கேட்டார்.

மில்காரர் தாடையைத் தடவினார். "தங்கமான பயதான்த்தா, நான் இல்லங்கல. ஆனா ஒரு சாமானையாச்சும் முடிச்சுட்டேன்னு அவன் சொல்லி நான் பாக்கல. குடும்பத்த எப்படிக் கொண்டு செலுத்துவான்? புதுக்கோட்டையில தாலுகாக் கச்சேரிக் குமாஸ்தா ஒருத்தன் சாதகம் வந்து கெடக்கு. ஒண்ணு செய்வோம். ஆயுத பூசைக்கு நம்ம மில்லுல செட்டுக் கட்டட்டும். சின்னதும் பெருசும் சேந்து சுத்தமாப் பேசுச்சுன்னா அன்னைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கிருவோம். இல்லன்னா குமாஸ்தாவுக்கு ஆள் அனுப்பிருவேன்."

இந்த இடத்தில்தான் எங்கள் ஆள், எங்கள் ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். பெண் கொடுக்கிறவர் காதுக்குப் பிடித்தால்தானே காரியம் ஆகும் என்று, பூசைக்கு முன்னாலேயே மாட்டுவண்டியில் செட்டை ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோய் மாமாவையே கேட்டார்.

"மாமா, சின்னது பேசுதா?"

"பெருசு பேசுது மாப்ள. சின்னது வாயே தெறக்கலையே."

திருகைக் கூட்டினார். எனக்குப் பல் கூசியது. மாமா உதட்டைப் பிதுக்கினார். மறுபடி கூட்டினார். மில்லில் நெல் கொத்திக்கொண்டிருந்த கோழிகள் கூட்டமாகக் கிளம்பிப் போயின.

"அண்ணே, காது கிழியுது" என்றேன்.

"ஒங்களுக்குத்தானே கிழியுது கண்டக்டரே? பொண்ணு ஒங்களுதா?"

நான் காதைப் பொத்திக்கொண்டேன். எனக்கும் புரியத்தான் இல்லை. மாமா செவிடு இல்லை. என்னோடு நன்றாகத்தான் பேசினார். என்ஜின் துடிப்பு ஒன்று தவறினால் சாப்பாட்டிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வருவார். வாரம் தவறாமல் செட்டு மில்லுக்குப் போனது, வாரம் தவறாமல் சின்னது பேசவில்லை என்று திரும்பி வந்தது. மண்ணெண்ணெய்ப் புனல் போதாது என்று, பஸ்ஸுக்குப் பெட்ரோல் ஊற்றுகிற பெரிய புனலை என்னிடம் கேட்டு வாங்கி மாட்டினார். கொடுத்த பாவத்துக்கு எனக்கு ராத்திரியெல்லாம் காதில் வண்டு பறந்தது.

ஆயுத பூசை வந்தது. என்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழை கட்டி, உறவுமுறையெல்லாம் கூடியிருந்தது. திருவரங்குளத்திலிருந்து அக்காவும் அவர் வீட்டு ஆட்களும் தாம்பாளத்தோடு வந்திருந்தார்கள். நடுவில் பெருசு, அதன் தலைமேல் புனலோடு சின்னது. மாமா எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் ஆள் தட்டில் ஊசியை வைத்தார்.

முதலில் நாய்கள் போயின. வெளியே நின்ற ஜட்கா வண்டிக் குதிரை, வண்டிக்காரரை எதிர்பார்க்காமல் தானே குளத்தூர்ப் பக்கம் புறப்பட்டது. கூடியிருந்தவர்கள் கண்ணை இடுக்கி, பல்லைக் கடித்து, புன்னகை மாதிரி எதையோ செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விருந்துக்கு வந்த வீட்டில் யார் வாயைத் திறப்பார்கள்? எங்கள் ஆள் ஒவ்வொருவரிடமாகப் போய், "நல்லாருக்கா? நல்லாருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் "நல்லாருக்கு" என்றார்கள்.

பொன்னழகு பொரி கடலை கொண்டுவந்தாள். ஒவ்வொரு இலையிலும் பொரி, கடலை, ஒரு துண்டு வெல்லம், பக்கத்தில் இரண்டு உருண்டை இலவம் பஞ்சு. புரிந்தவர்கள் மாமாவுக்குத் தெரியாமல் காதில் அடைத்துக்கொண்டோம். திருவரங்குளத்துப் பெரியவர் ஒருவர் அதைப் புது தினுசுப் பட்சணம் என்று எண்ணி வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார்.

"மாப்ள, சின்னது பேசுதா இல்லையா?" என்றார் மாமா.

திருகு கடைசிவரைக்கும் போய்விட்டது. அதற்குமேல் திருக இடமில்லை. மாமா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு நிஜமான வருத்தத்தோடு அக்கா பக்கம் திரும்பினார்.

"நானும் எம்புட்டோ பொறுத்துப் பாத்தேன்த்தா. அரைகுறையாத்தான் இருக்கு. நான் குமாஸ்தாவுக்கே சொல்லி அனுப்பிர்றேன்."

அக்கா தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். எங்கள் ஆள் திருகில் கை வைத்தபடி நின்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். துக்கமா, புனலுக்குப் பக்கத்தில் நின்றதாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை பேர் மனசு நோகாமல் பார்த்துக்கொண்ட மனிதருக்கு இதுவா கூலி என்று எனக்குத் தோன்றியது.

பொன்னழகு பொரித் தட்டை டொக்கென்று கீழே வைத்தாள். நேராகப் போய்க் கிராமபோன் ஊசியைத் தூக்கினாள். திடீரென்று அமைதி. எல்லோரும் பஞ்சை எடுத்தோம்.

"மச்சான், ஊரு பூராங் கேட்டீங்க. ஒங்க காதுக்கு எப்படி இருக்குன்னு யாராச்சும் ஒங்களைக் கேட்டாங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"நான் கேக்குறேன். ஒங்களுக்கு நல்லாருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே கூரையைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள், "அக்காவப் பாக்காதீங்க" என்றாள் பொன்னழகு.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஒரு பெரிய சுமையை இறக்கி வைக்கிற மாதிரி, "நாராசமா இருக்கு" என்றார்.

கூட்டம் மொத்தமும் மூச்சு விட்டது. "ஆமாப்பா" என்றார் ஒருவர். "கொடூரம்ப்பா" என்றார் இன்னொருவர். பெரியவர் பஞ்சைத் துப்பினார்.

"அப்ப ஒங்களுக்குப் புடிச்ச எடத்துல வைங்க."

எங்கள் ஆள் திருகைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். அன்று மத்தியானம் கடையில் கண்டுபிடித்த அதே இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொன்னழகு ஊசியை வைத்தாள். அந்த அம்மாள் வந்துவிட்டாள். மில் நடுவில் உட்கார்ந்து பாடினாள், பின்னாலே ஜால்ரா சன்னமாகக் கூடவே வந்தது. அக்கா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

மாமா மட்டும் குழம்பிப்போய் எல்லோரையும் பார்த்தார். "என்னப்பா இது, முன்னைக்கும் இப்பைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையே?"

அப்போதுதான் என் மண்டையில் ஏதோ தட்டியது. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தேன். மாமா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, இத்தனை வருஷ எரிச்சலையும் சேர்த்து ஒரு ஊது ஊதினேன். கூட்டம் துள்ளி எழுந்தது. பெரியவர் கையிலிருந்த பொரி பறந்தது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன் எல்லாரும் எந்திரிச்சுட்டீங்க?" என்றார்.

பொன்னழகு தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. என்ஜின் இரைச்சல் அவர் காதில் கீச்சுச் சத்தத்தை மட்டும் தின்றுவிட்டது. சொன்னால் மனுஷன் ஒடிந்துபோவார் என்று சொல்லாமலே சமாளித்திருக்கிறார்கள். எட்ட இருந்தால் வாயால் கூப்பிடாமல் கதவைத் தட்டித்தான் கூப்பிடுவார்களாம்.

பூசாரி ஒரு மூலையில் மணியோடு நின்றிருந்தார். மாமா அவரையே பார்த்தார்.

"அடிய்யா."

பூசாரி அடித்தார். மணியின் நாக்கு ஆடுவதை மாமா உற்றுப் பார்த்தார்.

"அடிக்கிறியா?"

"அடிக்கிறேனுங்க."

"அப்ப இதுக்கு முந்தி வந்தவங்க எல்லாரும்?"

"அடிச்சாங்கப்பா" என்றாள் பொன்னழகு.

மாமா கோபத்தில் குதிக்கப் போகிறார் என்று நான் விசிலை ஒளித்து வைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவமே, எத்தன பூசாரிய வஞ்சு அனுப்பியிருக்கேன். அம்புட்டுப் பேரும் சாமிகிட்ட என்னையப் பத்தி என்னென்ன சொல்லிட்டுப் போனாங்களோ." சிரித்து முடித்து மருமகனைக் கூப்பிட்டார். "மாப்ள, எனக்குக் கேக்காதுப்பா. ஒன் காதுக்கு நல்லாருந்தாச் சரி. அக்காவ வெத்தலைய எடுக்கச் சொல்லு."

எங்கள் ஆள் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே, "நல்லாருக்குண்ணே, நல்லாருக்கு, போங்க" என்று பிடித்துத் தள்ளினேன்.

தை மாதம் கல்யாணம். சின்னதும் பெருசும்தான் பாடின. திருகை யாரும் தொடாமலிருக்க அதன்மேல் மெழுகு ஊற்றியிருந்தார். மாமா பெருசின் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து, அது அதிர்வதற்கு ஏற்றபடி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், வைது அனுப்பிய பூசாரிகள் எல்லோரும் புது வேட்டியோடு.

கெட்டிமேளம் என்றார்கள். எங்கள் ஆள் தாலியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து பொன்னழகிடம், "நல்லாருக்கா?" என்றார்.

"மொதல்ல கட்டுங்க. அப்பறம் சொல்றேன்."

கட்டினார். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டும் கூடப் பிறந்தவள் போடுவதுதான் வழக்கம். அக்கா அதற்காகவே பட்டுக் கட்டிக்கொண்டு பின்னால் தயாராக நின்றிருந்தார். எங்கள் ஆள் இரண்டாவது முடிச்சையும் போட்டார். மூன்றாவதையும் போட்டு இறுக்கினார். அக்கா நீட்டிய கையோடு நின்றார்.

"ஏன்டா, என்னய ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "இல்லக்கா, நல்லாருந்துச்சு, போட்டுட்டேன்" என்றார்.